விசிட்டிங் கார்டுகளைக் கைபேசித் தொடர்புகளாக மாற்றும் முறை

ஒருவர் தம் விசிட்டிங் கார்டை நீட்டும்போது அவருடைய பெயர், பதவி, நிறுவனம், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி எல்லாம் நம் கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே அட்டையை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்க்கும்போது, இவரை எங்கே சந்தித்தோம், எதற்காக இந்த அட்டையை வாங்கி வைத்தோம் என்பது நினைவுக்கு வருவதில்லை. அட்டையில் அச்சிட்டிருப்பதைக் கைபேசிக்கு மாற்றித் தர இன்று கருவிகள் நிறைய இருக்கின்றன. அச்சில் இல்லாத அந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பதிவதும், பதிந்தவற்றில் ஓர் இலக்கம்கூடப் பிழையாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் மட்டும் நாமே செய்ய வேண்டிய வேலைகளாக இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் படம் எடுப்பதைவிடச் சரிபார்ப்பதற்கும் குறிப்பு எழுதுவதற்கும் கூடுதலான இடம் கொடுத்திருப்பதற்கு அதுவே காரணம்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை

இருநூறு முந்நூறு அட்டைகள் சேர்ந்துவிட்டவர்கள் செய்யும் முதல் தவறு, கட்டின் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்குவதுதான். முதலில் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இந்த மனிதரை இனி நான் அழைக்க வாய்ப்பு உண்டா, அவர் என்னை அழைத்தால் திரையில் அவர் பெயர் தெரிய வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால் அந்த அட்டையை விலக்கிவிடலாம். ஐயமாக இருப்பவற்றைத் தொடர்புப் பட்டியலில் ஏற்றாமல், படம் மட்டும் எடுத்துத் தனி ஆல்பத்தில் போட்டுவைப்பது போதும். கூகுள் போட்டோஸ் போன்ற செயலிகள் படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் தேடித் தருவதால், பின்னால் ஒருநாள் நிறுவனத்தின் பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் அந்தப் படம் கிடைத்துவிடும்.

பிரிக்கும்போதே ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையைப் பார்த்தவுடன் நினைவுக்கு வருவது எதுவாக இருந்தாலும், அச்சகம் பற்றிப் பேசியவர், கண்காட்சியில் பக்கத்து அரங்கில் இருந்தவர், விலைப்பட்டியல் அனுப்புவதாகச் சொன்னவர் என்று நான்கைந்து சொற்களில் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுங்கள். பளபளப்பான பூச்சு உள்ள அட்டைகளில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்குச் சிறிய ஒட்டுத்தாளைப் பயன்படுத்தலாம். இந்த நினைவுகள் அட்டையைத் தொடும் அந்தக் கணத்தில் வருகிற அளவுக்குப் பிறகு திரையைப் பார்த்தால் வருவதில்லை என்பது என் அனுபவம். ஆகையால் இதைப் படம் எடுக்கும் வேலையோடு கலக்காமல் தனியாகச் செய்துவிடுவதையே பரிந்துரைப்பேன்.

எங்கே சேமிக்கப் போகிறோம்

கைபேசியில் ஒரு தொடர்பைச் சேமிக்கும்போது அது மூன்று இடங்களில் ஒன்றுக்குப் போகிறது: சிம் கார்டு, கைபேசியின் சொந்த நினைவகம், அல்லது கூகுள், ஐகிளவுட் போன்ற இணையக் கணக்கு. சிம் கார்டில் பெயரும் எண்ணும் தவிர வேறெதையும் நம்பி வைக்க முடியாது. பல சிம்களில் சுமார் 250 பதிவுகளுக்குத்தான் இடம் உண்டு. நீளமான பெயர்களையும் அது வெட்டிவிடும். கைபேசி நினைவகத்தில் வைத்தால் கைபேசி தொலையும் அன்றே தொடர்புகளும் தொலைந்துவிடும். எனவே வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, தொடர்புச் செயலியின் அமைப்புகளுக்குள் சென்று, புதிய தொடர்புகள் எந்தக் கணக்கில் சேமிக்கப்பட வேண்டும் என்பதை ஒருமுறை தேர்ந்தெடுத்து வையுங்கள். அலுவலகக் கணக்கும் சொந்தக் கணக்கும் ஒரே கைபேசியில் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் வேலையை விட்டு விலகும் நாளில் அலுவலகக் கணக்கு மூடப்படும்போது அதிலிருக்கும் தொடர்புகளும் நம்மை விட்டுப் போய்விடும்.

அடுத்து, இப்போது இருக்கும் தொடர்புப் பட்டியலின் காப்புப் பிரதி ஒன்றை எடுத்துவிடுங்கள். தொடர்புச் செயலியில் உள்ள ஏற்றுமதி வசதி, விசிஎஃப் என்ற பின்னொட்டுடன் ஒரு கோப்பைத் தரும். இது விகார்ட் எனப்படும் வடிவம். ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த வெர்சிட் கூட்டமைப்பில் 1990-களின் நடுவில் உருவானது. 3.0 பதிப்பு 1998-இலும் 4.0 பதிப்பு 2011-இலும் வெளிவந்தன. ஆண்டுகள் இத்தனை ஆகியும் எந்தக் கைபேசியிலிருந்தும் எந்தக் கைபேசிக்கும் தொடர்பை எடுத்துச் செல்ல இதுவே பொதுவான வாகனமாக இருப்பதால், எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் அதிலிருந்து விகார்ட் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழி இல்லாத செயலியில் நூறு அட்டைகளை ஏற்றினால், அந்தச் செயலி நிறுத்தப்படும் நாளில் அந்த உழைப்பு முழுவதும் வீணாகும்.

படம் எடுத்தல்

எழுத்தை அறியும் மென்பொருள், அதாவது ஓசிஆர், எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதைப் பெரும்பாலும் படமே தீர்மானிக்கிறது. அட்டையைச் சன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில், அட்டையின் நிறத்துக்கு எதிரான நிறமுள்ள பரப்பில் வையுங்கள். வெள்ளை அட்டைக்குக் கருநிறக் கோப்புறை, கறுப்பு அட்டைக்கு வெள்ளைத்தாள். விளிம்பு தெளிவாகத் தெரிந்தால்தான் செயலி அட்டையின் நான்கு மூலைகளைக் கண்டுபிடித்துக் கோணலைச் சரிசெய்யும். ஃபிளாஷ் விளக்கை அணைத்துவிடுங்கள். பளபளப்புப் பூச்சும் தங்கநிற எழுத்தும் உள்ள அட்டைகளில் ஃபிளாஷ் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்து, பல சமயம் எண்ணின் மேலேயே படிந்துவிடும். மேலே விளக்கு எரியும் அறையில், அட்டையின் ஒரு பக்கத்தைச் சிறிது தூக்கிச் சாய்த்தால் பளபளப்பு விலகும். அச்சில் நிறமே இல்லாமல், புடைத்த எழுத்தாக மட்டும் இருக்கும் அட்டைகளுக்குப் பக்கவாட்டிலிருந்து ஒளி வர வேண்டும். நிழல் விழுந்தால்தான் எழுத்தே தெரியும்.

கைபேசியில் எடுப்பவர்கள் ஒரு படத்துக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொள்வது நல்லது. அதற்குக் கணக்கு இருக்கிறது. ஓசிஆருக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற செறிவு பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஏ4 தாள் ஒன்றில் 90 மில்லிமீட்டர் நீளமும் 54 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அட்டைகளைப் வரிசைக்கு இரண்டாக ஐந்து வரிசை, மொத்தம் பத்து அட்டைகள் அடுக்கலாம். 12 மெகாபிக்சல் கேமராவின் படம் நீளவாக்கில் சுமார் 4000 புள்ளிகள் கொண்டது. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். தாள் படத்தை முழுவதும் நிரப்பினாலும் அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 புள்ளிகள்தான் கிடைக்கும். ஓரத்தில் விடும் இடைவெளியையும் லென்சின் விளிம்புகளில் வரும் மங்கலையும் கழித்தால் 300-க்குக் கீழே போய்விடுகிறது. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிதான் முதலில் அடிபடும். தட்டை ஸ்கேனர் இருந்தால் நிலைமை வேறு. பத்து அட்டைகளையும் கண்ணாடிமேல் கவிழ்த்து அடுக்கி, 600 புள்ளிகளில் ஒரே தடவையில் எடுத்துவிடலாம். நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் உள்ளவர்களுக்கு அதுவே நல்ல வழி.

பின்பக்கத்தை மறக்காதீர்கள். இன்னொரு மொழியில் பெயர், கிளை முகவரி, க்யூஆர் குறி, நீங்கள் எழுதிய பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

எழுத்தைப் பிரித்தெடுத்தல்

அட்டையில் க்யூஆர் குறி இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கப்பட்ட இந்தக் குறிக்குள் ஒரு முழு விகார்டையே வைக்க முடியும். அப்படி வைத்திருந்தால் கேமராவைக் காட்டியதும் கைபேசி, தொடர்பைச் சேர்க்கவா என்று கேட்கும். எழுத்தைப் பார்த்து ஊகிக்கும் வேலையே அங்கு இல்லாததால், குறியிலிருந்து வரும் எண் அதை உருவாக்கியவர் தந்த எண்ணாகவே இருக்கும். சில அட்டைகளில் அந்தக் குறி வெறும் இணையதள முகவரிக்கு அழைத்துச் செல்லும். அப்போது திரையில் தெரியும் முகவரியும் அட்டையில் அச்சிட்ட நிறுவனத்தின் முகவரியும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

குறி இல்லாத அட்டைகளுக்குக் கைபேசியிலேயே இருக்கும் வசதிகள் போதும். ஆண்ட்ராய்டில் கூகுள் லென்ஸைத் திறந்து அட்டையைக் காட்டினால், தொடர்பாகச் சேர்க்கும் வழியைத் தரும். ஐபோனில் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல், படத்திலுள்ள எண்ணையோ மின்னஞ்சலையோ அழுத்திப் பிடித்துத் தொடர்பில் சேர்க்கலாம். அடோபி ஸ்கேன் செயலியிலும் அட்டையைத் தொடர்பாக்கும் வசதி உண்டு. இவற்றுக்கு அப்பால், அட்டைகளுக்கென்றே தனிச் செயலிகள் பல இருக்கின்றன. அவை பெயரைப் பெயருக்குரிய கட்டத்திலும் பதவியைப் பதவிக்குரிய கட்டத்திலும் பிரித்துப் போடுவதில் கூடுதல் திறமை காட்டும். மாதம் ஐம்பது அட்டை வாங்குபவருக்கு அந்தத் திறமை பயன்படும். வெறும் இருபது அட்டைகள் வைத்திருப்பவர் செயலியைத் தேடி, நிறுவி, கணக்குத் திறந்து, பழகும் நேரத்தில் இருபதையும் கையாலேயே தட்டி முடித்துவிடலாம். கையால் தட்டும்போது கண் ஒவ்வோர் இலக்கத்தின்மேலும் நிற்பதால் பிழையும் குறைவாகவே வருகிறது. இதைப் பின்தங்கிய முறை என்று யாரும் கருத வேண்டாம்.

தமிழில் அச்சிட்ட அட்டைகளைக் கருவிகள் முன்னைவிட நன்றாகவே படிக்கின்றன, ஆனால் இடறும் இடங்கள் தெரிந்தவைதான். ரகரமும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும். ஊகாரத்தை உகரமும் ளகரமுமாகப் பிரித்துவிடும். படத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் ‘செல்வன்’ என்பது ‘செலவன்’ ஆகிவிடும். அலங்கார எழுத்துருவில் பெயரை வைத்திருந்தால் நேரத்தைச் செலவிடாமல் பெயரை நாமே தட்டிவிடலாம்.

சரிபார்த்தல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பாளரின் அட்டையைச் செயலி ஒன்றின் மூலம் சேமித்தேன். அவருடைய மின்னஞ்சல் முகவரியில் பெயருக்கும் தொழிலுக்கும் நடுவே ஓர் அடிக்கோடு இருந்தது. அட்டையை வடிவமைத்தவர் அழகுக்காக முகவரி முழுவதற்கும் கீழே மெல்லிய கோடு ஒன்றைப் போட்டிருந்தார். இரண்டு கோடுகளும் ஒன்றாகிப்போக, செயலி அடிக்கோட்டைப் பார்க்காமல் இரு சொற்களையும் ஒட்டி ஒரே சொல்லாக்கியது. ஒட்டிய அந்த முகவரியும் வேறு யாருக்கோ உரியதாக இருந்திருக்க வேண்டும், ஏனெனில் நான் அனுப்பிய கடிதம் திரும்பி வரவில்லை. அவர் பதில் எழுதவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னபடி எழுதவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதற்குள் அவருக்குத் தர நினைத்த வேலை கைமாறிப் போயிருந்தது. அவரை அழைத்து வருத்தம் தெரிவித்த அன்றிலிருந்து, மின்னஞ்சல் முகவரியை அட்டையோடு ஒப்பிடாமல் எந்தத் தொடர்பையும் நான் சேமிப்பதில்லை.

ஒப்பிடும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் வேலை எளிது. ஆங்கில எழுத்து ‘ஓ’வும் சுழியமும், சின்ன ‘எல்’லும் பெரிய ‘ஐ’யும் ஒன்று என்ற இலக்கமும், ‘எஸ்’ஸும் ஐந்தும், ‘பி’யும் எட்டும் ஒன்றுக்கொன்று மாறும். சின்ன ‘ஆர்’, ‘என்’ இரண்டும் அடுத்தடுத்து நெருங்கி நின்றால் ‘எம்’ ஆகிவிடும். முகவரியின் நடுவில் இருக்கும் புள்ளி மறையும். வரி முடிவில் முகவரி உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் பிற்பகுதி அப்படியே விடுபடும். உடைந்த இடத்தில் ஒரு சிறுகோடு இருந்தால், அது முகவரியில் உள்ளதா, வரியை உடைக்கப் போட்டதா என்று நிறுவனத்தின் இணையதள முகவரியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான அலுவலக முகவரிகளில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வரும் பகுதியும் இணையதளத்தின் பெயரும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே அவை இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே ஒரு நல்ல சோதனை.

தொலைபேசி எண்ணுக்கு அந்த வசதி இல்லை. வங்கி அட்டை எண்ணிலும் புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணிலும் கடைசியில் ஒரு சோதனை இலக்கம் இருக்கிறது. மற்ற இலக்கங்களில் ஒன்று தவறினாலும் கணக்கு ஒத்துவராமல் பிழை வெளிப்பட்டுவிடும். தொலைபேசி எண்ணில் அப்படி எதுவும் கிடையாது. மூன்று எட்டானால் அதுவும் எங்கோ ஒருவருடைய எண்ணாகவே இருக்கக்கூடும். இலக்கங்களின் எண்ணிக்கையும் தொடக்க இலக்கங்களும் சரியா என்பதற்குமேல் மென்பொருளால் பெரிதாக எதையும் சொல்ல முடியாது. ஆகையால் அட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து முன்னோக்கி, இரண்டிரண்டாக, வாய்விட்டுப் படியுங்கள். முன்னிருந்து படிக்கும்போது கண் தான் எதிர்பார்த்ததையே பார்க்கிறது. பின்னிருந்து படிக்கும்போது ஒவ்வோர் இலக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. இருவர் இருந்தால் ஒருவர் அட்டையைப் படிக்க மற்றவர் திரையைப் பார்ப்பது இன்னும் நல்லது.

சரிபார்ப்பை ஐம்பது அட்டைகளுக்குப் பிறகு மொத்தமாகச் செய்ய வேண்டாம். பத்துக்கு ஒருமுறை நிறுத்திச் செய்தால், எந்தப் படம் மங்கலாக இருந்தது, எந்த அட்டையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது கையோடு தெரியும்.

கட்டங்களை நிரப்பும் விதம்

தொடர்புச் செயலிகளில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். உலகத்தில் எல்லாருடைய பெயரும் இந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. தலைப்பெழுத்தோடு வரும் பெயரைச் செயலியிடம் விட்டால், தலைப்பெழுத்தை முதற்பெயராகவும் உண்மையான பெயரைக் குடும்பப்பெயராகவும் பதிந்துவிடும். பிறகு அகர வரிசையில் ஒரு கூட்டமே ‘எஸ்’ என்ற எழுத்தின் கீழ் போய் நிற்கும். அழைக்கும் பெயரை முதற்பெயர்க் கட்டத்திலும், தலைப்பெழுத்தை இரண்டாவது கட்டத்திலும் வைத்துவிடுங்கள். குடும்பப்பெயர் முதலில் வரும் மொழிகளைச் சேர்ந்தவர்களின் அட்டைகளிலும் இதே குழப்பம் வரும் என்பதால், பெயரின் எந்தப் பகுதியைச் சொல்லி அழைப்பது என்று சந்திக்கும்போதே கேட்டுக்கொள்வது மரியாதையும் ஆகும்.

பெயரைத் தமிழில் வைப்பதா ஆங்கிலத்தில் வைப்பதா என்பது அவரவர் விருப்பம், ஆனால் ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் பட்டியல் இரண்டாகப் பிரிந்து, பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் இருப்பார்கள். மற்ற மொழி வடிவத்தைப் புனைபெயர்க் கட்டத்திலோ உச்சரிப்புக்கான கட்டத்திலோ சேர்த்துவைத்தால் எப்படித் தேடினாலும் கிடைக்க வாய்ப்புண்டு.

எண்ணை எப்போதும் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, பிறகு எண் என்ற வரிசையில் பதியுங்கள். இது இ.164 என்ற பன்னாட்டு எண் திட்டத்தின்படி அமைந்த வடிவம். இதில் நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கங்கள்தான் இருக்க முடியும். உள்நாட்டில் அழைக்கும்போது முன்னால் சேர்க்கும் சுழியத்தைப் பல நாடுகளில் இந்த வடிவத்தில் விட்டுவிட வேண்டும். சில அட்டைகளில் அந்தச் சுழியத்தை அடைப்புக்குறிக்குள் அச்சிட்டிருப்பார்கள், செயலியோ அதையும் சேர்த்துப் பதிந்து எண்ணைக் கெடுத்துவிடும். நாட்டுக் குறியீட்டோடு பதிந்த எண் எந்த நாட்டில் இருந்து அழைத்தாலும் வேலை செய்யும். வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் வெளிநாட்டு எண்களை அந்த வடிவத்தில் இருந்தால்தான் சரியாக அடையாளம் காணும். அலுவலக எண்ணோடு உள்ளிணைப்பு எண் இருந்தால், இரண்டுக்கும் இடையே ஒரு காற்புள்ளியைப் போடுங்கள். கைபேசி அந்தக் காற்புள்ளியில் சில விநாடிகள் நிறுத்திவிட்டுப் பிறகு உள்ளிணைப்பு எண்ணைத் தானே தட்டும். தொலைநகல் எண்ணைப் பதிய வேண்டிய தேவை அநேகமாக இல்லை. ஆனால் செயலி அதைக் கைபேசி எண்ணாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள்.

குறிப்புக் கட்டத்துக்கு வருவோம். பென்சிலில் எழுதிய சொற்கள் இங்கேதான் வந்து சேர வேண்டும். நான் எழுதும் முறை இதுதான்: முதலில் ஆண்டும் மாதமும், பிறகு சந்தித்த இடம், பிறகு பேசிய பொருள், கடைசியில் யார் யாருக்கு என்ன அனுப்புவதாகச் சொன்னோம் என்பது. எடுத்துக்காட்டாக, ‘2024 ஆகஸ்ட், புத்தகக் கட்டுமானப் பயிற்சி, தையல் கட்டு இயந்திரம் பற்றிப் பேசினோம், மாதிரிப் புத்தகம் அனுப்புவதாகச் சொன்னார்’ என்ற ஒரு வரி போதும். அறிமுகப்படுத்தியவர் ஒருவர் இருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள், ஏனென்றால் இரண்டு ஆண்டு கழித்து ஒருவரை அழைக்கும்போது பேச்சைத் தொடங்கி வைப்பது அநேகமாக அந்தப் பெயர்தான். நிறம், உயரம், பேச்சின் இயல்பு போன்றவற்றை எழுத வேண்டாம்; அந்தக் குறிப்பு ஒருநாள் அவர் கண்ணிலேயே பட்டால் நமக்குச் சங்கடம் இல்லாததாக இருக்க வேண்டும். பகிரும் வசதியைத் தட்டும்போது சில செயலிகள் குறிப்பையும் சேர்த்தே அனுப்பிவிடுவதால் இதை வெறும் நாகரிகமாக மட்டும் நினைக்க வேண்டாம்.

கூகுள் தொடர்புகளில் லேபிள் போடும் வசதியும் ஐபோனில் பட்டியல்கள் உருவாக்கும் வசதியும் இருக்கின்றன. அச்சுத் தொழில், மொழிபெயர்ப்பு என்று நான்கைந்து பெரிய பிரிவுகள் போதும். இருபது பிரிவுகள் வைத்தால் யாரை எங்கே வைத்தோம் என்பதே தெரியாமல் போகும்.

விரிதாள் வழியே மொத்தமாக ஏற்றுதல்

நூற்றுக்கணக்கான அட்டைகளை ஒருவர் தட்டச்சு செய்து தரும்போதோ, செயலி தந்த பட்டியலைத் திருத்தும்போதோ, சிஎஸ்வி, அதாவது விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக் கோப்பாக, விரிதாளில் வேலை செய்வது வசதி. ஆனால் தொலைபேசி எண்களை விரிதாள் கெடுப்பதைப் போல வேறெதுவும் கெடுப்பதில்லை. எக்செல் ஓர் எண்ணைக் கண்டதும் அதைக் கணக்குப் போடும் எண்ணாகவே நினைக்கும். முன்னால் உள்ள சுழியத்தையும் கூட்டல் குறியையும் நீக்கிவிடும். 12 இலக்கங்களோ அதற்கு மேலோ இருந்தால் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும், அந்த நிலையிலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால் பின்பகுதி இலக்கங்கள் திரும்பக் கிடைக்காதபடி அழிந்துபோகும். அழிந்த கோப்பைப் பார்த்து மீட்க வழியே இல்லை, அட்டைகளைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். எனவே எண்ணைத் தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் வகையை ‘உரை’ என்று மாற்றிவிடுங்கள். இருக்கும் சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், இறக்குமதி வசதி வழியாக, எண் நெடுவரிசையை உரை என்று குறிப்பிட்டுத் திறவுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பைச் சேமிக்கும்போது எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் உள்ள சிஎஸ்வி என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அதேபோல, சில கைபேசிகள் விகார்டைப் பழைய 2.1 பதிப்பில் ஏற்றுமதி செய்யும். அந்தக் கோப்பை எழுத்துச் செயலியில் திறந்தால் தமிழ்ப் பெயருக்குப் பதிலாகச் சமக்குறியும் எழுத்தும் எண்ணுமாக நீண்ட வரி தெரியும். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள் ஆவதும், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக எழுதப்படுவதும் அதற்குக் காரணம். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். மறுபடி இறக்குமதி செய்தால் பெயர் சரியாகவே வரும்.

முழுக் கோப்பையும் ஏற்றுவதற்கு முன் மூன்று பேரை மட்டும் வைத்து ஒரு சோதனைக் கோப்பு தயாரித்து ஏற்றிப் பாருங்கள். பெயரும் எண்ணும் குறிப்பும் அததற்குரிய கட்டத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகு மீதியை ஏற்றலாம். தவறிப் போனாலும் கூகுள் தொடர்புகளின் இணையப் பக்கத்தில், கடந்த 30 நாட்களுக்குள் ஒரு நேரத்தைக் குறிப்பிட்டு, பட்டியலை அந்த நிலைக்குத் திருப்பும் வசதி உண்டு.

ஏற்றி முடித்ததும் இரட்டைப் பதிவுகள் வரும். கூகுள் தொடர்புகளும், ஐஓஎஸ் 16 முதல் ஐபோனும் அவற்றைத் தாமே கண்டுபிடித்து இணைக்கவா என்று கேட்கும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் இணைக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள். ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகிவிட்டால் பிரிப்பது கடினம்.

பிறர் தந்த விவரம் நம்மிடம் இருக்கிறது

அட்டையைத் தந்தவர் தம் எண்ணை நமக்குத் தந்தார், ஒரு செயலி நிறுவனத்துக்குத் தரவில்லை. பல செயலிகள் படத்தைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் எழுத்தைப் படிக்கின்றன; சில சேவைகளில் மனிதர்களும் அந்தப் படத்தைப் பார்த்துத் திருத்துகிறார்கள். நிறுவும்போது தொடர்புப் பட்டியல் முழுவதையும் படிக்க அனுமதி கேட்கும் செயலிக்கு, புதிய தொடர்பைச் சேர்ப்பதற்கு அது உண்மையிலேயே தேவையா என்று பார்த்தே இசைவு கொடுக்க வேண்டும். படம் வெளியே போகவே கூடாது என்பவர்களுக்குக் கணினியிலேயே இயங்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. ஹெச்பி நிறுவனத்தில் 1985-க்கும் 1994-க்கும் இடையில் உருவாகி, 2005-இல் திறந்த மூலமாக வெளியான அது தமிழையும் படிக்கும்; ஆனால் எழுத்தை மட்டும் தரும், கட்டம் பிரிப்பதை நாம்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் அட்டைகளை உடனே எறிந்துவிட வேண்டாம். ஓர் உறையில் போட்டு, மேலே தேதியை எழுதி, மூன்று மாதம் வைத்திருங்கள். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் திரும்பி வந்தாலோ, ஓர் அழைப்பு வேறொருவருக்குப் போனாலோ, அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். மூன்று மாதம் கழிந்த பிறகு, பட்டியலின் காப்புப் பிரதி ஒன்றை மீண்டும் எடுத்து, அதை உண்மையிலேயே வேறொரு சாதனத்தில் திறந்து பார்த்துவிட்டு, அட்டைகளைப் பெயரும் எண்ணும் சேர்ந்து வாசிக்க முடியாதபடி குறுக்காக வெட்டிக் காகிதக் கழிவில் சேர்த்துவிடலாம்.